அடைமழையில் தொங்குபடுக்கை: எதை முதலில் கட்டுவது, எதைக் கடைசியில் அவிழ்ப்பது?

மலைத்தூறல்:

வணக்கம். இந்த ஐப்பசியில் கீழ்ப்பழனி மலையில் உள்ள தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதி பெற்று, தோட்ட வீட்டின் வேலிக்குள்ளேயே ஓர் இரவு தங்கினேன். வழக்கமான கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, கடைகளில் ஹேமக் என்று விற்கிறார்களே, அந்தத் தொங்குபடுக்கையை முதன்முறையாகக் கொண்டு சென்றிருந்தேன். மாலை ஐந்தரை மணிக்கு மழை பிடித்தது; மறுநாள் காலை ஏழு மணி வரை விடவில்லை. அந்த இரவில் நான் உறங்கிய நேரம் இரண்டு மணிகூட இருக்காது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். தார்ப்பாய் முதுகுப்பையின் அடியில் இருந்தது. அதை எடுப்பதற்காகப் போர்வை, மாற்றுடை, கொசுவலை ஆகியவற்றை மழையிலேயே வெளியே எடுத்து ஒரு பாறைமேல் வைத்தேன். பைக்கு மழையுறை போட்டிருந்தும், முதுகுப் பக்கமாக இறங்கிய நீர் பையின் அடியில் தேங்கியிருந்தது. முதலில் படுக்கையைக் கட்டினேன், பிறகு அதற்கு மேலே தார்ப்பாயைக் கட்டினேன். இடையில் போன பத்து நிமிடங்களில் படுக்கைத் துணி முழுவதும் நனைந்துவிட்டது. இரவு பத்து மணிக்குமேல், மேலிருந்து ஒரு துளிகூட விழாத நிலையில், தலைப்பக்கம் படுக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாகிக்கொண்டே வந்தது. விளக்கை அடித்துப் பார்த்தும் நீர் எந்த வழியாக வருகிறது என்று எனக்குப் புலப்படவில்லை. நள்ளிரவில் தார்ப்பாய் தொய்ந்து முகத்துக்கு மிக அருகில் இறங்கியது. முழங்கால் உயரத்தில் கட்டிய படுக்கையும் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. விடியும்போது குளிரில் பற்கள் தந்தியடித்தன.

பையை எப்படி அடுக்க வேண்டும், எந்த வரிசையில் கட்ட வேண்டும், அந்தத் தலைப்பக்க நீர் எங்கிருந்து வந்தது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். கார்த்திகை முடிவதற்குள் அதே இடத்துக்கு மீண்டும் போக எண்ணியிருக்கிறேன்.

ஈப்போ நடையர்:

நண்பரே, நான் மலேசியாவில் இருக்கிறேன். இங்கே காட்டில் பிற்பகல் இடிமழை என்பது ஆண்டின் பெரும்பகுதியில் எதிர்பார்க்கக்கூடியதே. தரை எப்போதும் ஈரமாகவும் வேர்கள் பின்னியும் அட்டைகள் ஊர்ந்தும் இருப்பதால், கூடாரத்தைவிடத் தொங்குபடுக்கையையே பலர் நம்புகிறோம். ஆகவே உங்கள் இரவு எனக்கு நன்றாகவே புரிகிறது.

உங்கள் பிழை பையைக் கட்டிய நேரத்தில், வீட்டிலேயே தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் முதுகுப்பையை இரண்டு வீடுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நனையவே கூடாதவை ஒரு வீடு. நனைந்தாலும் பரவாயில்லை என்பவை மற்றொரு வீடு. பைக்குள்ளே தடித்த பாலிதீன் உறை ஒன்றை விரித்து, போர்வை, இரவு உடை, கொசுவலையோடு கூடிய படுக்கை ஆகியவற்றை அதனுள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டிவிடுங்கள். விலையுயர்ந்த நீர்புகாப் பை தேவையே இல்லை. உரச்சாக்கின் உள்ளே இருக்கும் தடித்த பாலிதீன் உறையைக் கழுவிக் காயவைத்தால் அதுவே பல பயணங்களுக்கு வரும். வெளியே போடும் மழையுறையை மட்டும் நம்பக் கூடாது. நீங்கள் கண்டதுபோல, முதுகு வழியாக இறங்கும் நீரை அது தடுப்பதில்லை. உள்ளே புகுந்த நீரை வெளியேற விடாமல் தாங்கியும் நிற்கும்.

தார்ப்பாய், அதன் கயிறுகள், முளைகள், மரத்தில் சுற்றும் பட்டைகள் ஆகிய அனைத்தும் பாலிதீன் உறைக்கு வெளியே, வெளிப்பையில் இருக்க வேண்டும். மழையில் நின்றபடி பையின் முதன்மை வாயைத் திறக்காமலே கூரையைக் கட்டி முடிக்க முடிகிறதா என்பதே என் அளவுகோல். கூரை நின்ற பிறகு பையை அதன் கீழே கொண்டுவந்து தொங்கவிடுங்கள். அதன் பிறகே பாலிதீன் உறையின் வாயைத் திறக்கலாம். காலையில் இதே வரிசை தலைகீழாக நடக்கும்: போர்வை, படுக்கை, உடை எல்லாம் கூரைக்கடியிலேயே உறைக்குள் போய்ப் பை மூடப்பட்ட பிறகு, தார்ப்பாய் கடைசியாக இறங்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்குக் காட்டுப் போர்முனைகளில் வழங்கப்பட்ட தொங்குபடுக்கையில், நீர்புகாக் கூரையும் கொசுவலையும் படுக்கையோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்தன. எடுத்துச் செல்ல அது வசதியாகத் தோன்றலாம். ஆனால் கூரையைத் தனியாக முன்னரே ஏற்ற முடியாது என்பதால், மழையில் கட்டும்போது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தாக வேண்டும். இன்று விற்கும் தொகுப்புகளில் கூரை தனியாக இருப்பதையே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கயிறும் முடிச்சும்:

பல ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தத் தலைப்பக்க நீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீர் மரத்திலிருந்து வந்தது. மழை பெய்யும்போது இலைகளிலும் கிளைகளிலும் விழும் நீரில் ஒரு பகுதி அடிமரத்தின் வழியாக வழிந்து இறங்கும்; மேற்பட்டை வழவழப்பாக இருக்கும் மரங்களில் இது இன்னும் கூடுதல். மரத்தைச் சுற்றிய உங்கள் பட்டை அந்த ஓட்டத்தின் குறுக்கே ஓர் அணைபோல நின்றிருக்கிறது. மரத்திலிருந்து படுக்கையை நோக்கிப் பட்டை சரிவாக இறங்குவதால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பட்டையின் நெசவு நீரை இழுத்து, சரிவின் வழியே படுக்கையின் முனைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தார்ப்பாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது. ஏனெனில் நீர் மேலிருந்து விழவில்லை, பக்கத்திலிருந்து நடந்து வந்தது.

தீர்வு எளியது. ஒரு முழ நீளப் பருத்தி நூலையோ பழைய வேட்டிக் கிழிசலையோ, பட்டை தார்ப்பாயின் விளிம்பைக் கடந்து உள்ளே வரும் இடத்துக்கும் படுக்கையின் முனைக்கும் இடையே, பட்டையைச் சுற்றி இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள். வரும் நீர் அந்த நூலில் திரும்பிக் கீழே சொட்டிவிடும். நைலான் நூலைவிடப் பருத்தி இதற்குச் சிறந்தது, ஏனெனில் அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். இரு பக்கமும் கட்ட வேண்டும். பட்டைக்கும் படுக்கைக்கும் நடுவில் இரும்பு வளையமோ காராபைனர் என்னும் கொக்கி வளையமோ இருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். சிறு தூறலுக்கு வளையம் போதும். அடைமழையில் வளையத்தைச் சுற்றியும் நீர் வழிந்து போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டு மாடியில் சோதித்துப் பாருங்கள். இரண்டு தூண்களுக்கு இடையில் படுக்கையைக் கட்டி, ஒருவரை உள்ளே அமரச் சொல்லி, தூணோடு பட்டை சேரும் இடத்தில் ஒரு சொம்பு நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் எங்கே சொட்டுகிறது, எங்கே சொட்டாமல் தொடர்கிறது என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தார்ப்பாயின் நடுமுகட்டைத் தாங்கும் முகட்டுக் கயிறு துணிக்குக் கீழே முழு நீளத்துக்கும் ஓடினால், அந்தக் கயிறும் இதே வேலையைச் செய்யும். ஆகவே அதன் இரு முனைகளிலும் தார்ப்பாயின் விளிம்புக்குச் சற்று உள்ளே நூல் கட்டுங்கள். அல்லது கயிற்றைத் துணிக்கு மேலே ஓடவிடுங்கள்.

மலைத்தூறல்:

ஐயா, மிக்க நன்றி. படித்தவுடன் மாடியில் சோதித்தேன். சரியாக நீங்கள் சொன்னபடியே நீர் பட்டை வழியாக நடந்து வந்து தலைப்பக்கத்தை நனைத்தது. நூல் கட்டியதும் நின்றுவிட்டது. இவ்வளவு சிறிய ஒரு நூல் அந்த இரவைக் காப்பாற்றியிருக்கும் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

தொய்வுக்கு என்ன காரணம்? தார்ப்பாயையும் படுக்கையையும் முடிந்தவரை விறைப்பாக இழுத்துத்தான் கட்டியிருந்தேன்.

தையற்கூடம்:

நான் பைகளும் கூடார உறைகளும் தைக்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் தார்ப்பாய் சிலிக்கான் பூசிய நைலானாகவும், மரத்தில் சுற்றும் பட்டைகளும் நைலானாகவும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். விவரச்சீட்டைப் பாருங்கள். நைலான் இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 4 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது ஏறக்குறைய 0.4 விழுக்காடுதான். ஈரம் ஏறிய நைலான் நெகிழ்ந்து நீளும். மாலையில் மத்தளம்போல விறைப்பாக இருந்த நைலான் தார்ப்பாய் இரண்டு மணி நேர மழைக்குப் பிறகு தொய்வது அதன் இயல்பு. அதைத் தைத்தவரின் குறை அன்று.

மரத்தில் சுற்றும் பட்டை கட்டாயம் பாலியெஸ்டராக இருக்க வேண்டும். படுக்கைத் துணி நைலானாக இருக்கலாம். அதன் நெகிழ்ச்சி உடலுக்கு இதமாகவே இருக்கும், தவிர அது கூரைக்கடியில் உலர்ந்திருக்கும். தார்ப்பாய் நைலானாக இருந்தால் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. நான்கு மூலைக் கயிறுகளிலும் ஒரு சாண் நீள ரப்பர் நாடாவைச் சேர்த்துக் கட்டுங்கள்; துணி நீளும்போது நாடா சுருங்கித் தொய்வை எடுத்துக்கொள்ளும். படுக்கப் போவதற்கு முன் ஒருமுறை எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டுவதும் அவசியம்.

இயற்பியல் ஆசிரியை:

"முடிந்தவரை விறைப்பாக இழுத்துக் கட்டினேன்" என்ற சொற்றொடரில்தான் இரண்டாவது காரணம் இருக்கிறது. தார்ப்பாய்க்கு விறைப்பு நல்லது. படுக்கைக்கு அது தீங்கு.

குழந்தைக்குத் தூளி கட்டும் பாட்டி யாரும் சேலையைக் கிடைமட்டமாக விறைப்பாய் இழுத்துக் கட்டுவதில்லை. நன்றாகத் தொங்கவிட்டே கட்டுகிறார்கள். தொங்குபடுக்கைக்கும் அதே விதிதான். பட்டை கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் இறங்கினால், 75 கிலோ எடையுள்ள ஒருவர் படுக்கும்போது ஒவ்வொரு பட்டையும் 75 கிலோ அளவு இழுவிசையைத் தாங்கும். கோணத்தை 15 பாகையாகக் குறைத்தால் அது ஏறக்குறைய 145 கிலோ. 10 பாகையில் 216 கிலோ. விறைப்பாகக் கட்டக் கட்ட, பட்டை, தையல், மரம் மூன்றும் கூடுதலாக வருந்துகின்றன. ஈரமான நைலான் அந்த இழுவையில் இன்னும் நீள்கிறது. உங்கள் படுக்கை இறங்கியதற்கு ஈரமும் இழுவையும் சேர்ந்தே காரணம்.

கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். மரத்தை நோக்கி ஒவ்வொரு 2 அடி தூரத்துக்கும் பட்டை 1 அடிக்குச் சற்றுக் கூடுதலாக உயர வேண்டும். இன்னும் உறுதியான வழி, படுக்கையின் இரு முனைகளையும் இணைக்கும் மாறா நீளக் கயிறு ஒன்றைப் பொருத்துவது. படுக்கைத் துணியின் நீளத்தில் 83 விழுக்காடு என்பது தொங்குபடுக்கை பயன்படுத்துவோர் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு. 11 அடித் துணிக்கு அது 9 அடி 1½ அங்குலம் வரும். மரங்கள் 12 அடி தொலைவில் இருந்தாலும் 15 அடி தொலைவில் இருந்தாலும் தொய்வு மாறாது. ஆள் படுத்திருக்கும்போது அந்தக் கயிறு விரல்களால் வளைக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். வில்நாண்போல நின்றால் பட்டைகளை இன்னும் உயரத்தில் கட்டுங்கள்.

இதில் மழைக்கும் ஒரு பயன் உண்டு. படுக்கையின் நீளம் இப்படி உறுதியானால், 11 அடித் தார்ப்பாய் இரு முனைகளிலும் ஏறக்குறைய 11 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். விறைப்பாகக் கட்டிய படுக்கையோ தார்ப்பாயின் முழு நீளத்துக்கும் பரவி நிற்கும். சாரல் முதலில் நனைப்பது தலையையும் காலையும்தான்.

தோட்டத்துக்காரர்:

கீழ்ப்பழனி மலையில் காபி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எல்லாரும் கயிற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்; மரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் நெட்டையாக, நேராக, கட்டுவதற்கு ஏற்ற இடைவெளியில் இருக்கும். பார்த்தவுடன் பட்டையைச் சுற்றத் தோன்றும். ஆனால் அதன் கிளைகள் எளிதில் ஒடியக்கூடியவை. மழையில் நனைந்து கனத்த கிளை காற்றடிக்கும்போது மளமளவென்று முறிந்து விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தைல மரமும் அப்படியே. முருங்கையை நம்பி ஏறாதே என்று குழந்தைகளுக்குச் சொல்வதுபோல, இவற்றை நம்பி அடியில் படுக்காதீர்கள் என்று விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அடிமரம் தாங்குமா என்று மட்டும் பார்க்கிறார்கள். நிமிர்ந்து மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. பலாமரம் நல்லது, பழைய நாட்டு மரங்கள் நல்லவை. சுற்றிலும் உயர்ந்த மரம் எதுவும் இல்லாமல் தனித்து நிற்கும் நெட்டை மரத்தை இடி மின்னல் காலத்தில் அறவே தவிர்க்க வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான வருத்தம் தரும் செய்தி ஒன்று இருக்கிறது. நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். வருபவர்கள் கொடியின் மேலேயே பட்டையைச் சுற்றி, அதன்மேல் தம் எடை முழுவதையும் ஏற்றிவிடுகிறார்கள். நசுங்கிய கொடி அந்த இடத்துக்கு மேலே வாடிவிடும். சில ஆண்டு உழைப்பு ஓர் இரவில் போய்விடுகிறது. கொடி இல்லாத மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; நாங்களே காட்டித் தருவோம். மரத்துக்கும் மெல்லிய கயிறு ஆகாது. குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை வேண்டும். மழையில் ஊறிய மரப்பட்டை உலர்ந்த காலத்தைவிட எளிதாக உரிந்துபோகும்.

ஓடைப் பள்ளத்திலும் கட்டாதீர்கள். தொங்குபடுக்கைக்குச் சமதரை வேண்டாம் என்பதால், ஓடைக்கு இரு கரையிலும் உள்ள மரங்களில் கட்டுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. மேல்மலையில் பெய்யும் மழை நமக்குத் தெரியாமலே பள்ளத்தை நிரப்பிவிடும். காட்டுமாடும் யானையும் நடமாடும் பகுதி இது என்பதால் வேலிக்கு வெளியே தங்குவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். வனத்துறையின் காட்டுக்குள் அனுமதியின்றித் தங்குவது குற்றமும் ஆகும்.

ஈப்போ நடையர்:

தோட்டத்துக்காரர் ஐயா சொன்ன மிளகுக்கொடிச் செய்தி எனக்குப் புதிது. இங்கே காட்டில் எறும்புப் புற்று இருக்கிறதா என்று அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தார்ப்பாயை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதை இதுவரை யாரும் பேசவில்லை. என் கருத்து: நின்றபடி உடை மாற்றும் அளவுக்கு உயரமாகக் கட்ட வேண்டும். தாழ்வாகக் கட்டினால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் ஈர முதுகு துணியில் உரசும்; உள்ளே படிந்த ஈரம் மேலே சொட்டும்.

கயிறும் முடிச்சும்:

இதில் மட்டும் உங்களோடு உடன்படவில்லை, நண்பரே. அடர்ந்த காட்டுக்குள் காற்று குறைவு, மழை நேராக விழும். அங்கே உயரமான கூரை சரி. தாண்டிக்குடி போன்ற மலைச்சரிவில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். உயர்த்திக் கட்டிய கூரையின் கீழே அது தடையின்றி நுழையும். முகட்டுக் கயிறு படுத்திருப்பவருக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் இருந்தால் போதும். காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரைக்கு மிக அருகில் இழுத்து முளையடிக்க வேண்டும். மறுபக்கத்து விளிம்பை இரண்டு கம்புகளால் தூக்கி, வீட்டுத் தாழ்வாரம்போல விரித்துக்கொள்ளுங்கள். உடை மாற்றவும் பையைத் திறக்கவும் அந்த இடம் போதும். காற்று திசை மாறினால் கம்பை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தையும் தாழ்த்தலாம். இரவில் எழுந்து இதைச் செய்ய நேரும் என்பதை மனத்தில் கொண்டே முடிச்சுப் போட வேண்டும்.

அதனால்தான் எல்லா முடிச்சும் உருவாஞ்சுருக்காக இருக்க வேண்டும் என்கிறேன். நனைந்த கயிற்றில் இறுகிய முடிச்சை விறைத்த விரல்களால் இருட்டில் அவிழ்க்க முடியாது. முனையை ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ வேண்டும். முகட்டுக் கயிற்றில் தார்ப்பாயை முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்த, 1931-இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் விளக்கிய முடிச்சைப் பயன்படுத்துங்கள். அதைப் போடும் கயிறு முகட்டுக் கயிற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பருமனாக இருந்தால், ஈரத்தில் பிடி நழுவும். மூன்று சுற்றுச் சுற்றுவது பாதுகாப்பானது.

ஊறிய மண்ணில் குட்டை முளைகள் நிற்காது. ஒரு முழத்துக்குக் குறையாத மரமுளைகளைச் சீவிக்கொண்டு, கயிற்றின் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். மேலே ஒரு கல்லும் வையுங்கள். வேரோ பாறையோ கிடைத்தால் முளையே வேண்டாம்.

ஈப்போ நடையர்:

ஐயா சொல்வது நியாயம்தான். எங்கள் காட்டில் பக்கவாட்டுச் சாரலை அவ்வளவாகக் கண்டதில்லை. அந்த அனுபவத்தை மலைச்சரிவுக்கும் பொருத்திப் பேசிவிட்டேன். தாழ்வாரம் விரிக்கும் முறையை ஏற்றுக்கொள்கிறேன்.

தாழ்வாகக் கட்டுவோருக்கு ஓர் உதவி: படுக்கையைச் சுருட்டும் சுருக்குப்பைக்கு இரு முனையிலும் வாய் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாயிலிருந்து படுக்கையின் ஒரு முனையை எடுத்து முதல் மரத்தில் மாட்டிவிட்டு, பையைப் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு நடந்தால், துணி கூரைக்கடியில் மட்டுமே வெளிவரும். அது தரையைத் தொடவே தொடாது. தார்ப்பாய்க்கும் சேலைக்கரை அகலத்தில் நீண்ட குழாய்போல ஓர் உறை தைத்தால், காலையில் மழையில் நின்றபடியே உருவி மூடிவிடலாம். தையற்கூடத்தாருக்கு இது ஒரு மணி நேர வேலையாக இருக்கும்.

தையற்கூடம்:

ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொசுவலைத் துணியிலேயே தையுங்கள். நீர் வடிந்துவிடும், எடையும் இருக்காது.

மலைத்தூறல்:

குளிரைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி. என் மேலே நல்ல போர்வை இருந்தது. ஆனாலும் முதுகுப் பக்கம் பனிக்கட்டிமேல் படுத்திருப்பதுபோல இருந்தது. ஈரம் மட்டும்தான் காரணமா?

இயற்பியல் ஆசிரியை:

ஈரம் பாதிக் காரணம். உடலுக்கும் துணிக்கும் இடையே அழுந்திய போர்வையில் காற்று தங்க இடமில்லை. காற்று இல்லாத போர்வை வெப்பத்தைக் காக்காது. தொங்குபடுக்கையில் அடியிலும் காற்று வீசிக்கொண்டே இருப்பதால், கட்டாந்தரையைவிட வேகமாக உடற்சூடு போய்விடும். படுக்கைக்கு வெளியே, அடிப்பக்கத்தில் தொட்டும் தொடாமலும் தொங்கும் அடிப்போர்வை சிறந்த தீர்வு. அது இல்லை என்றால், நீர் உறிஞ்சாத நுரைப்பாயைப் படுக்கைக்குள் விரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு இறகு நிரப்பிய போர்வையை நான் பரிந்துரைப்பதில்லை; நனைந்தால் இறகு ஒன்றோடொன்று ஒட்டி மெலிந்துவிடும். செயற்கை இழை நிரப்பியது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

படுக்கைக்குள் ஏறும் முன் உலர்ந்த உடைக்கு மாறுங்கள். காலையில் அந்த உலர்ந்த உடையைக் களைந்து பாலிதீன் உறைக்குள் வைத்துவிட்டு, முந்தைய நாளின் ஈர உடையையே மறுபடியும் உடுத்த வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். உடம்பு கூசும். ஆனால் நடக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் சூடு வந்துவிடும். அடுத்த இரவுக்கு உலர்ந்த உடை ஒன்று மிஞ்சியிருக்கும்.

மலைத்தூறல்:

சொன்னபடி மறுபடியும் போய் வந்தேன். விவரமாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கே தூறல் தொடங்கிவிட்டது. தோட்ட உரிமையாளரிடம் கேட்டு, கொடி ஏறாத ஒரு பலாமரத்தையும் பக்கத்து நாட்டு மரத்தையும் தேர்ந்தெடுத்தேன். இடைவெளி அளந்து பார்த்தபோது 14 அடி இருந்தது. இரண்டின் மேலும் காய்ந்த கிளை இல்லை என்பதை இருவருமாக நின்று பார்த்தோம். வெளிப்பையிலிருந்து தார்ப்பாயை எடுத்து முகட்டுக் கயிற்றைக் கட்டி, மேற்குப் பக்க விளிம்பைத் தரையோடு ஒட்டி முளையடித்துவிட்டு, மறுபக்கத்தை இரண்டு மூங்கில் கம்புகளால் தூக்கினேன். பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. அதுவரை பையின் வாய் திறக்கப்படவில்லை.

பிறகு கூரைக்கடியில் நின்று மழைக்கோட்டைக் கழற்றி, துண்டால் கைகளைத் துடைத்து, படுக்கையைச் சுருக்குப்பையிலிருந்து விரித்தேன். புதிய பாலியெஸ்டர் பட்டைகள், 9 அடி 1½ அங்குலக் கயிறு, இரு பக்கமும் பழைய வேட்டியின் கிழிசல் நூல்கள். ஆள் உட்காரும்போது நாற்காலி உயரம் இருக்குமாறு கட்டினேன். காலணிகளைக் கவிழ்த்துப் பட்டையில் மாட்டினேன்.

இரவு எட்டு மணிக்கு மழை வலுத்தது. விளக்கை அடித்து அந்த நூல்களைப் பார்த்தேன். இரண்டிலிருந்தும் நீர் இடைவிடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. நூலைத் தாண்டிப் படுக்கைப் பக்கம் தடவிப் பார்த்தபோது பட்டையின் முனை உலர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மூலைக் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தேன். என் தார்ப்பாய் நைலான்தான் என்பது விவரச்சீட்டில் உறுதியானது. ரப்பர் நாடாக்கள் தொய்வைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன.

ஒரு குறை நேர்ந்தது. அதிகாலை மூன்று மணிக்குக் காற்று தெற்கே திரும்பியது; தாழ்வாரப் பக்கத்தில் சாரல் நுழைந்து, ஒரு முளையும் பிடுங்கிக்கொண்டது. எழுந்து கம்புகளை எடுத்து அந்தப் பக்கத்தைத் தாழ்த்தி, கயிற்றை ஒரு வேரில் கட்டினேன். உருவாஞ்சுருக்கு என்பதால் ஓர் இழுப்பில் அவிழ்ந்தது. போர்வையின் ஓரம் உள்ளங்கை அளவு நனைந்தது. வேறு எதுவும் நனையவில்லை. நுரைப்பாயின் பயனால் முதுகில் குளிர் இல்லை. மறுபடி படுத்து ஆறரை மணி வரை உறங்கினேன்.

காலையில் மழை நின்றதுபோல இருந்தது. உடனே தார்ப்பாயை அவிழ்க்கப் போனேன். தோட்டத்து அம்மா ஒருவர், "மழை விட்டும் தூவானம் விடலியே, கொஞ்சம் பொறு கண்ணு" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த முக்கால் மணி நேரமும் இலைகளிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் கூரைக்கடியிலேயே அடுக்கி முடித்துவிட்டேன்.

இப்போது ஈரத் தார்ப்பாய் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதை எப்படிப் பேணுவது?

தையற்கூடம்:

இன்றைக்கே பிரியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சேறு இருந்தால் வெறும் நீரில் அலசுங்கள், சோப்புத்தூள் வேண்டாம். மாடிக் கொடியில் நிழலில் விரித்து, தையல்களும் மூலை நாடாக்களும் முழுவதும் உலரும் வரை விடுங்கள். துணி உலர்ந்த பிறகும் தையலில் ஈரம் தங்கியிருக்கும். சிலிக்கான் பூச்சு ஈரத்தைத் தாங்கும், ஆனாலும் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூசிய துணியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு நாளடைவில் சிதைந்து பிசுபிசுத்து, ஒரு வாடையோடு உரிந்துவரும். அப்படி உரிந்த தார்ப்பாய்களைச் சரிசெய்யக் கேட்டு ஒவ்வொரு தை மாதமும் சிலர் வருகிறார்கள். என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

மரத்தில் சுற்றும் பட்டைகளைத் தனியாகக் காயவையுங்கள், பலாப்பால் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகு. வேட்டி நூல்களை அவிழ்க்க வேண்டாம். அவை பட்டையிலேயே இருக்கட்டும்.